முயல்கள் செத்தபின் புல்வெளிக்கு என்ன ஆயிற்று? தென் இங்கிலாந்தின் சாக் குன்றுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1953ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கென்ட் பகுதியில், கண் வீங்கிச் சீழ் வடிய, பட்டப்பகலில் திறந்தவெளியில் தள்ளாடும் முயல்களை மக்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். மிக்சோமட்டோசிஸ் என்ற வைரஸ் நோய் நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிட்டனின் காட்டு முயல்களில் 95 சதவீதத்துக்கும் மேல் மடிந்தன. அதற்கு முன்பு அவற்றின் எண்ணிக்கை 6 கோடியிலிருந்து 10 கோடி வரை இருக்கும் என்று மதிப்பிட்டிருந்தார்கள்.

பயிரை இழந்துகொண்டிருந்த விவசாயிகளுக்கு நிம்மதி. முயலை நம்பி வாழ்ந்த பருந்து இனமான பஸர்டுக்குப் பெரிய அடி. 1955இல் பல ஜோடிகள் கூடு கட்டவே இல்லை. மரநாய் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டோட்டும் வேகமாகக் குறைந்தது. இவையெல்லாம் உடனே கண்ணில் பட்டன. கண்ணில் படாமல் போனது, முயல் மேய்ந்துகொண்டிருந்த புல்லுக்கு நேர்ந்த கதி. சாக் எனப்படும் வெள்ளைச் சுண்ணப்பாறைக் குன்றுகளின் மேல் எஞ்சியிருந்த பழைய புல்வெளிகள், அவற்றில் மட்டுமே வாழ முடிந்த வண்ணத்துப்பூச்சிகள், எறும்புகள், ஆர்க்கிட் செடிகள் ஆகியவற்றுக்கு என்ன நடந்தது, காரணம் எப்படித் தெரியவந்தது, மருந்து எந்த அளவுக்கு வேலை செய்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

இடமும் மண்ணும்

தென் இங்கிலாந்தின் வரைபடத்தில் சாக் பாறை ஒரு பெரிய கைவிரல் விரிப்பாகக் கிடக்கிறது. வில்ட்ஷயரின் சாலிஸ்பரி சமவெளியிலிருந்து ஒரு விரல் கிழக்கே நீண்டு சவுத் டவுன்ஸ் குன்றுகளாகி பீச்சி ஹெட் கடல்முனையில் முடிகிறது. இன்னொன்று நார்த் டவுன்ஸ் என்ற பெயரில் டோவரின் வெள்ளைப் பாறைகளில் முடிகிறது. மூன்றாவது, வடகிழக்காக ஓடும் சில்டர்ன் குன்றுகள். இந்தப் பாறை முழுவதும் கிரெட்டேசியஸ் காலக் கடலில் மிதந்த நுண்பாசிகளின் சுண்ண ஓடுகள் அடியில் படிந்து இறுகியது. டைனோசர்கள் வாழ்ந்த காலத்துச் சமாச்சாரம்.

பாறையின் மேலே ஒரு சாண்கூட இல்லாத மண். மழை பெய்தால் தண்ணீர் நேராகக் கீழே இறங்கிவிடும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் பாஸ்பரஸ் செடிக்கு எட்டாதபடி கட்டுண்டு கிடக்கும். தழைச்சத்தும் குறைவு. விவசாயி பார்த்தால் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போகிற நிலம். ஆனால் நல்ல நிலையில் உள்ள சாக் புல்வெளியின் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்வரை எண்ணலாம். மண் ஏழையாக இருப்பதால்தான் இது முடிகிறது. உரம் கிடைத்தால் நாலைந்து முரட்டுப் புற்கள் எழும்பி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். உரம் இல்லாத இடத்தில் எந்தச் செடியும் இன்னொன்றை அமுக்குகிற அளவுக்கு வளர முடியாது. காட்டுத் தைம், ஷீப்ஸ் ஃபெஸ்க்யூ என்ற ஊசிப்புல், சாலட் பர்னெட், ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூப் பயறுச் செடி, கொத்து மணிப்பூ, சில்டர்ன் ஜென்ஷன், தேனீ ஆர்க்கிட், தவளை ஆர்க்கிட் எல்லாம் ஒரு விரற்கடை உயரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன.

ஏழை மண் மட்டும் போதாது, பல்லும் வேண்டும். இங்கிலாந்தின் இயல்பான தட்பவெப்பத்தில் இந்தக் குன்றுகளை விட்டுவைத்தால் அவை காடாகிவிடும். கற்காலத்திலேயே மனிதர்கள் மரங்களை வெட்டினார்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆடு மேய்த்தார்கள். புல்வெளி உருவானது அப்படித்தான். அந்த மேய்ச்சலில் ஒரு நுட்பம் இருந்தது. பகலெல்லாம் ஆடுகள் குன்றின் மேல் மேயும். சாயங்காலம் மேய்ப்பர் அவற்றைக் கீழே இறக்கி, வயலில் கிடை மறிப்பார். சாணமும் மூத்திரமும் வயலுக்குப் போய்ச் சேரும். இப்படி நூற்றாண்டு நூற்றாண்டாகக் குன்றின் சத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துக்கு இறங்கியது. குன்று மேலும் ஏழையானது, பூக்கள் மேலும் பெருகின. கிடை போட்ட அந்த மேய்ப்பர்களே இந்தப் புல்வெளியை உருவாக்கியவர்கள் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் கோதுமைக்காகச் செய்தது, பூக்களுக்கும் உதவியது.

யாரும் கணக்கில் எழுதாத வேலையாள்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் விவசாய விலைகள் சரிந்து, குன்றுகளில் ஆடு குறைய ஆரம்பித்தது. ரசாயன உரம் வந்ததும் கிடைக்கு அவசியம் போயிற்று. இரண்டாம் உலகப்போரின்போதும் அதற்குப் பிறகும் உணவு உற்பத்திக்காக டிராக்டர்கள் குன்றின் மேல் ஏறின. போருக்குப் பிந்தைய காலத்தில் சாக் புல்வெளியில் சுமார் 80 சதவீதம் அழிந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். டிராக்டர் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளிலும், பழைய கோட்டை மேடுகளிலும், ராணுவப் பயிற்சி நிலங்களிலும் மட்டும் துண்டு துண்டாகப் புல்வெளி மிஞ்சியது.

அந்தத் துண்டுகளில் பலவற்றில் ஆடு கிடையாது. ஆனாலும் புல் குட்டையாகவே இருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது முயல். நார்மன்கள் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் இறைச்சிக்கும் தோலுக்குமாகக் கொண்டுவந்து வளர்த்த பிராணி, வேலி தாண்டி ஓடிக் காட்டு மிருகமாகிவிட்டிருந்தது.

இது அறியாமல் போன விஷயம் இல்லை. சூழலியல் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்தர் டான்ஸ்லி, ஹாம்ப்ஷயரும் சஸெக்ஸும் சந்திக்கும் சாக் குன்றுகளில் முயல் புகாதபடி வலையடைத்து, உள்ளேயும் வெளியேயும் செடிகள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தார். ஆடம்சன் என்பவருடன் சேர்ந்து அதை 1925இல் அச்சிட்டும்விட்டார். அதே டான்ஸ்லிதான் 1949இல் அமைந்த நேச்சர் கன்சர்வன்சி என்ற அரசு அமைப்பின் முதல் தலைவர். அவர் மிகவும் நேசித்த சஸெக்ஸின் கிங்லி வேல் 1952இல் தேசிய இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆக, முயல் மேய்ச்சல் நின்றால் புல்வெளிக்கு என்ன ஆகும் என்பது அச்சில் இருந்தது. முயல் நாடு முழுக்க ஒரே மூச்சில் மறையும் என்பதைத்தான் எவரும் எதிர்பார்க்கவில்லை.

நோய் வந்த வழி

மிக்சோமட்டோசிஸ் வைரஸ் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. அங்குள்ள காட்டு முயலுக்கு அதனால் ஒரு சிறு கட்டி வருவதோடு சரி. ஐரோப்பிய முயலுக்கோ அது மரணம். 1950இல் ஆஸ்திரேலியா முயல் தொல்லையைத் தீர்க்க அதை வேண்டுமென்றே பரப்பியது. 1952 ஜூனில் பிரான்சில் ஓய்வு பெற்ற மருத்துவரான அர்மான்-தெலீல், ட்ரே ஊருக்கு அருகே மய்யபுவாவில் இருந்த தன் பண்ணையில் முயல்களை ஒழிக்க இரண்டு முயல்களுக்கு அந்த வைரஸைச் செலுத்தி விட்டார். பண்ணைக்குச் சுற்றுச்சுவர் இருந்தது. நோய் சுவரை மதிக்கவில்லை. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அது ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிவிட்டது.

ஆஸ்திரேலியாவில் கொசு பரப்பியதை இங்கிலாந்தில் முயல் தெள்ளு பரப்பியது. வளைக்குள் நெருக்கமாக வாழும் பிராணிக்குத் தெள்ளைவிட மோசமான தூதன் கிடையாது. குளிர்காலத்திலும் பரவல் நிற்கவில்லை. சில இடங்களில் மக்களே நோயுற்ற முயலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊரில் விட்டார்கள். 1954இல் வந்த சட்டம் அப்படிப் பரப்புவதைக் குற்றமாக்கியது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

ஏமாற்றிய வசந்தம்

இந்த நிகழ்விலேயே என்னை அதிகம் யோசிக்க வைக்கும் பகுதி இதுதான். முயல்கள் இறந்த அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குன்றுகள் அழகாகிவிட்டன. முயல் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்த செடிகள் முதன்முறையாக நிமிர்ந்து பூத்தன. கௌஸ்லிப் என்ற பூச்செடி மஞ்சள் விரிப்பாக நின்றது. பல ஆண்டுகளாக இலை மட்டுமே காட்டிவந்த ஆர்க்கிட்கள் தண்டு நீட்டின. நேச்சர் கன்சர்வன்சியின் ஏ. எஸ். தாமஸ் பல சாக் குன்றுகளில் மாற்றங்களை ஆண்டுதோறும் பதிவு செய்தார். 1960இலும் 1963இலும் அவருடைய கட்டுரைகள் வெளிவந்தன. தொடக்கத்தில் பூக்கள் பெருகியதை அந்தப் பதிவுகளில் தெளிவாகப் பார்க்கலாம். பிறகு வந்த மாற்றமும் அவற்றிலேயே இருக்கிறது.

பிறகு வந்தது டார் கிராஸ், அப்ரைட் புரோம் என்ற இரண்டு முரட்டுப் புற்கள். ஆடோ முயலோ கடித்துக்கொண்டே இருக்கும்வரை இவை அடங்கிக் கிடக்கும். கடி நின்றதும் நீளமான இலைகளை விரித்து, காய்ந்த சருகை அடியில் மெத்தையாகச் சேர்த்துவிடும். தைமும் ஃபெஸ்க்யூவும் அந்த மெத்தைக்கு அடியில் மூச்சு முட்டிச் சாகும். அப்புறம் ஹாதார்ன், டாக்வுட் புதர்கள். முயலின் பல்லுக்குத் தப்பாத அவற்றின் நாற்றுகள் இப்போது தங்குதடையின்றி எழுந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சில சரிவுகளில் ஆள் நுழைய முடியாத முள் புதராகிவிட்டது.

ஒரு நிலத்தின் ஆரோக்கியத்தை அதன் பூக்களை வைத்து ஒரே பருவத்தில் எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. 1955இன் வசந்தத்தில் அந்தக் குன்றில் நின்ற எவரும், முயல் ஒழிந்தது நல்லதாயிற்று என்றே சொல்லியிருப்பார்.

இரண்டு சென்டிமீட்டர்

தாவரங்கள் மெதுவாகத் தோற்றன. வண்ணத்துப்பூச்சிகள் வேகமாகத் தோற்றன. காரணம் வெப்பம்.

அடோனிஸ் புளூ என்ற வண்ணத்துப்பூச்சியில் ஆணின் நீலத்துக்கு இங்கிலாந்தில் ஈடு கிடையாது. ஐரோப்பாவில் அது பரவியுள்ள எல்லையின் வடக்கு விளிம்பில் இருப்பது இங்கிலாந்து. அதாவது அந்தப் பூச்சிக்கு இது குளிர் தேசம். தெற்குப் பார்த்த சரிவு வேண்டும், வெயில் மண்ணில் நேராக விழ வேண்டும். பெண் பூச்சி ஹார்ஸ்ஷூ வெட்ச் இலையில் மட்டுமே முட்டையிடும். அந்தச் செடியும் 1 முதல் 4 சென்டிமீட்டர் உயரப் புல்லுக்குள், ஆட்டின் குளம்புத் தடம் போன்ற சிறு குழியில், சூடான இடத்தில் இருக்க வேண்டும். புழுவின் முதுகில் ஒரு சுரப்பி இனிப்பு நீர் கசியும். அதற்காக எறும்புகள் புழுவைச் சுற்றியே இருந்து எதிரிகளிடமிருந்து காக்கும், மண்ணால் மூடியும் வைக்கும். அந்த எறும்புகளுக்கும் சூடான மண்தான் வேண்டும். புல் வளர்ந்தால் நிழல் விழும், மண் குளிரும், எறும்பு மாறும். செடி அங்கேயே இருக்கும், பூச்சி போய்விடும். பல காப்பகங்களில் ஹார்ஸ்ஷூ வெட்ச் பூத்துக்கொண்டே இருக்க, அடோனிஸ் புளூ காணாமல் போனது. 1976இன் கொடிய வறட்சியில் ஹார்ஸ்ஷூ வெட்ச் கருகியதும், ஏற்கெனவே மெலிந்திருந்த கூட்டங்கள் மேலும் அடிபட்டன.

சில்வர்-ஸ்பாட்டட் ஸ்கிப்பரின் தேவை இன்னும் கறாரானது. ஆகஸ்டில் பறக்கும் இந்தச் சிறிய பூச்சி ஷீப்ஸ் ஃபெஸ்க்யூவின் தனித்த குத்துகளில், வெறும் மண்ணோ பாறையோ தெரியும் இடத்தை ஒட்டி முட்டையிடும். முட்டையாகவே குளிர்காலத்தைக் கழிக்கும். வெறும் மண் வெயிலில் கொதித்தால்தான் அதன் வாழ்க்கை ஓடும். முயல் கீறிய மண் மறைந்ததும் இதுவும் மறைந்தது. 1980களின் தொடக்கத்தில் நடந்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 70க்கும் குறைவான இடங்களிலேயே மிஞ்சியிருந்தது.

இந்தப் புதிரின் மையத்தைத் திறந்தது இன்னொரு வண்ணத்துப்பூச்சி. லார்ஜ் புளூ பெரும்பாலும் சாக் குன்றுகளில் இல்லை, தென்மேற்கு இங்கிலாந்தின் வேறு வகைப் புல்வெளிகளில் இருந்தது. ஆனாலும் பாடம் அதேதான் என்பதால் சொல்லியாக வேண்டும். பெண் பூச்சி தைம் பூவில் முட்டையிடும். புழு மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு ஒரு சாயங்காலம் தரையில் விழும். மிர்மிகா இனச் சிவப்பு எறும்பு அதைத் தன் சொந்தக் குஞ்சு என்று நம்பித் தூக்கிக்கொண்டு போகும். புற்றுக்குள் போன புழு எறும்புக் குஞ்சுகளையே தின்று பத்து மாதம் வளரும். இவ்வளவும் முன்பே தெரிந்திருந்தது. பூச்சி குறையக் குறைய, சேகரிப்பவர்கள் பிடித்துப்போவதுதான் காரணம் என்று பலர் நம்பினார்கள். அதனால் சில இடங்களுக்கு வேலி போட்டார்கள். வேலி சேகரிப்பவரோடு சேர்த்து மாட்டையும் ஆட்டையும் தடுத்தது. உள்ளே புல் வளர்ந்தது, பூச்சி அழிந்தது.

1972இல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆராய்ச்சியாளர் எஞ்சிய கூட்டங்களின் நடுவே தங்கி, ஒவ்வொரு பருவமும் எங்கே எத்தனை சாகின்றன என்று எண்ண ஆரம்பித்தார். பல மிர்மிகா இனங்கள் புழுவைத் தூக்கிப்போகும், ஆனால் மிர்மிகா சபுலேட்டி என்ற ஒரே இனத்தின் புற்றில்தான் அது போதுமான அளவு பிழைக்கும் என்று கண்டார். பிரிட்டனின் குளிரில் அந்த எறும்புக்கு வெயில் நேராகச் சுடும், கடித்துக் குட்டையாக்கப்பட்ட புல் வேண்டும். புல் 1 சென்டிமீட்டரிலிருந்து 3 சென்டிமீட்டர் ஆனாலே மண்ணின் வெப்பம் 2, 3 டிகிரி இறங்கிவிடும், அந்த இடத்தை வேறு எறும்பு பிடித்துக்கொள்ளும். மேலே நின்று பார்க்கிற மனிதனுக்கு அது ஒரே புல்வெளிதான். கண்டுபிடிப்பு தாமதமாக வந்தது. 1979இல் லார்ஜ் புளூ பிரிட்டனில் அற்றுப்போனது. 1980களில் ஸ்வீடனின் ஓலாண்ட் தீவிலிருந்து கொண்டுவந்த புழுக்களை, முன்கூட்டியே ஒழுங்காக மேய்த்துத் தயார்செய்த நிலத்தில் விட்டார்கள். அவை நிலைத்தன, இன்று பல இடங்களில் பறக்கின்றன.

எறும்பையும் அளவுகோலையும் சேர்த்துப் பார்க்கிற இந்த வழிதான் சாக் குன்றுகளின் காப்பாளர்களுக்கும் கண்ணைத் திறந்தது.

சிகிச்சை

சில்டர்ன் சரிவிலுள்ள ஆஸ்டன் ரோவண்ட் தேசியக் காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். ஆக்ஸ்போர்ட்ஷயரும் பக்கிங்ஹாம்ஷயரும் சந்திக்கும் இடம். 1970களில் எம்40 நெடுஞ்சாலை குன்றை ஆழமாக வெட்டிக்கொண்டு காப்பகத்தை இரண்டாகப் பிரித்தது. லண்டனுக்குப் போகிற வண்டிகள் அந்த வெள்ளைப் பிளவு வழியாகத்தான் இரவு பகலாக ஓடுகின்றன. அந்த இரைச்சலுக்கு இரு பக்கமும் ஜூனிபர் புதர்கள், பீச் மரக்காடு, சுண்ணப் புல்வெளி. மஞ்சள் புல்வெளி எறும்புகள் தலைமுறை தலைமுறையாகக் குவித்த மண்மேடுகள் சரிவெங்கும் இருக்கின்றன. மேட்டின் உச்சியில் தைம் வளரும், சுற்றிலும் வேறு செடிகள் வளரும். அந்த மேடுகளின் தாவரங்களை 1970களிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு முறை உழுதால் அத்தனையும் போய்விடும். மேடு நிறைந்த சரிவைப் பார்த்தால், அங்கே நெடுங்காலமாக ஏர் படவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

செய்த வைத்தியம் எளிமையானது, ஆனால் முடிவே இல்லாதது. புதரை வெட்டுவது, வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்காமல் பார்ப்பது, ஆட்டு மந்தையைத் திரும்பக் கொண்டுவருவது. பெரும்பாலும் இலையுதிர், குளிர் காலங்களில் மேய்ப்பார்கள். கோடையில் பூத்துக் காய்த்து விதை சிந்த இடம் விடுவார்கள். முரட்டு டார் கிராஸை ஆடு அவ்வளவாக விரும்பாது என்பதால் சில காப்பகங்களில் மாட்டையும் குட்டை இனக் குதிரைகளையும் இறக்கினார்கள். ஒரு பகுதியை அடைத்து மேய்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு நகர்த்துவார்கள். முயலும் நோய்க்கு ஓரளவு எதிர்ப்பு பெற்று 1980களில் திரும்பி வந்து கைகொடுத்தது.

பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. 70க்கும் குறைந்த இடங்களில் இருந்த சில்வர்-ஸ்பாட்டட் ஸ்கிப்பர் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 250க்கும் மேற்பட்ட இடங்களில் இருந்தது. அது பிடித்திருந்த பரப்பு ஏறக்குறைய பத்து மடங்காகியிருந்தது. அடோனிஸ் புளூ பழைய சரிவுகளுக்குத் திரும்பியது. சுமார் 40 ஆண்டு காணாமல் போயிருந்த கோட்ஸ்வோல்ட்ஸ் சுண்ணக் குன்றுகளிலும் 2000களில் மறுபடி தலைகாட்டியது. தானாகப் பறந்து பெரிய தூரம் தாண்டாத பூச்சி என்று பெயர்பெற்றது அது. அது திரும்பியதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இதில் தட்பவெப்பத்துக்கும் பங்கு உண்டு. கோடைகள் சூடானதால் ஸ்கிப்பருக்கு வெறும் மண்ணின் தேவை தளர்ந்தது. முட்டையிட மிகச் சாதகமான வெறும் தரையின் அளவு 1982இல் 41 சதவீதமாக இருந்தது, 2001 வாக்கில் அது 21 சதவீதமாக இறங்கியிருந்தது. முன்பு குளிரென்று ஒதுக்கிய கிழக்கு, மேற்குச் சரிவுகளிலும் அது குடியேறியது. மேய்ச்சலால் எவ்வளவு, வெப்பத்தால் எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாவிட்டாலும், சிகிச்சை மட்டுமே குணப்படுத்தியது என்று சொல்வது நியாயமாக இருக்காது.

எல்லோருக்கும் ஒரே உயரம் ஒத்துவராது

இங்கேதான் இந்த நிகழ்வு சிக்கலாகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் புல் என்ற விதி கிடைத்ததும், அதை எல்லாக் குன்றுகளிலும் ஒரே மாதிரி அமல்படுத்தும் ஆசை வந்தது. சில இடங்களில் ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்தன. அடி வாங்கியது டியூக் ஆஃப் பர்கண்டி என்ற சிறிய ஆரஞ்சுப் பழுப்பு வண்ணத்துப்பூச்சி. புதரோரத்தில், பாதி நிழலில், பெரிய இலையோடு தழைத்த கௌஸ்லிப்பின் அடிப்பக்கத்தில் அது முட்டையிடும். முயல் மறைந்த பிறகு புல் உயர்ந்த ஆண்டுகளில் அதற்கு நல்ல வாழ்வு. ஆட்டு மந்தை வந்து கௌஸ்லிப் இலையைத் தட்டையாக்கியதும் அதன் கதை முடிய ஆரம்பித்தது. ஹாம்ப்ஷயரின் நோர் ஹில் காப்பகம் பழைய சுண்ணக்கல் பள்ளங்களால் ஆனது, மேடும் குழியும் நிழலும் வெயிலும் கலந்த இடம். டியூக்கும் அங்கே வாழ்கிறது, குட்டைப் புல்லில் ஆயிரக்கணக்கில் முளைக்கும் மஸ்க் ஆர்க்கிட்டும் வாழ்கிறது. நிலம் கரடுமுரடாக இருந்தால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

ஆர்க்கிட்களில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. மிலிட்டரி ஆர்க்கிட் பிரிட்டனில் அற்றுப்போனது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1947 மே மாதம் ஜே. ஈ. லௌஸ்லி என்ற தாவர ஆர்வலர் அதைச் சில்டர்ன் பகுதியில் மறுபடி கண்டார். செடியைத் தோண்டிச் செல்பவர்களுக்குப் பயந்து இடத்தைப் பல காலம் ரகசியமாக வைத்தார்கள். 1950களின் நடுவில் சஃபோக்கின் ஒரு பழைய சாக் குழியில் இரண்டாவது கூட்டம் கிடைத்தது. முழு வெயிலைவிட மரத்தோர வெளிச்சத்தை விரும்பும் செடி இது. நிழல் அடர்ந்தால் பூக்காது, நிழலே இல்லாவிட்டாலும் கஷ்டம். அதைவிட முக்கியம், முயல் அதன் பூத்தண்டைக் கடித்துவிடும். அதனால் அரிய ஆர்க்கிட்களுக்குக் கம்பிக்கூண்டு போட்டுக் காப்பது வழக்கம். ஒரு சரிவில் நண்பனாக வரவேற்ற முயலை, சற்றுத் தள்ளி வேலி போட்டுத் தடுக்கிறார்கள். இரண்டு முடிவும் சரி.

இதனால்தான் இன்றைய காப்பாளர்கள் ஒரே உயரத்தைத் தேடுவதில்லை. ஒரு சரிவில் குட்டை, அடுத்ததில் கொஞ்சம் உயரம், ஓரத்தில் புதர், எங்கோ கீறிய வெறும் மண் என்று கலந்து வைக்கப் பார்க்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 20 ஹெக்டேர் துண்டில் அதைச் செய்வது கஷ்டம். பழைய காலத்தில் மைல் கணக்கில் தொடர்ந்த புல்வெளியில் ஒரு பகுதி வளர்ந்தால் பூச்சி பக்கத்துக்குப் பறந்துபோகும். இன்று பக்கம் என்பது கோதுமை வயல் அல்லது நெடுஞ்சாலை. என் கணிப்பில் மிக்சோமட்டோசிஸைவிடப் பெரிய காயம் இந்தத் துண்டுபடல்தான். நோய் பரந்த புல்வெளியில் வந்திருந்தால் பல பூச்சிகள் எங்காவது தப்பியிருக்கும்.

இப்போதைய நிலை

முயல் மறுபடி சரிகிறது. 1990களில் பிரிட்டனின் காட்டு முயல்களிடையே ரத்தக்கசிவு நோய் என்ற வேறொரு வைரஸ் பரவியது, அதன் புதிய வகை 2010களில் வந்தது. முயல் எண்ணிக்கை பெரிய அளவில் குறைந்துள்ளது. 1950களில் எதிர்பாராமல் நடந்ததை இப்போது மெதுவாக, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறோம். காற்றில் வரும் நைட்ரஜன் இன்னொரு சுமை. வண்டிப் புகையிலிருந்தும் பண்ணை உரத்திலிருந்தும் எழும் அது மழையோடு குன்றின் மேல் இறங்குகிறது. கிடை போட்டு நூற்றாண்டுகளாகக் கீழே இறக்கிய சத்து இப்போது வானத்திலிருந்து திரும்பி வருகிறது, டார் கிராஸுக்குக் கொண்டாட்டம். நடுவே எம்40 ஓடும் ஆஸ்டன் ரோவண்டில் இதை மறக்கவே முடியாது.

அப்படியானால் ஆடு முன்பைவிட அதிகமாக வேண்டும், வேலைக்கு ஆளும் வேண்டும். சாக் சரிவில் மேயும் ஆட்டினால் இறைச்சி வருமானம் சொற்பம். மேய்ப்பரின் சம்பளம், வேலி, குன்றின் மேல் குடிதண்ணீர், மந்தையை இடம் மாற்றும் வண்டி எல்லாம் செலவு. அரசின் விவசாயச் சூழல் மானியங்களும் வனவிலங்கு அறக்கட்டளைகளின் நன்கொடைகளும்தான் பெரும்பாலும் அதைத் தாங்குகின்றன. மானிய விதிகள் மாறும்போதெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்வி, அடுத்த குளிர்காலத்துக்கு மந்தை கிடைக்குமா என்பதுதான். இரண்டு குளிர்காலம் மந்தை வராவிட்டால் டார் கிராஸ் என்ன செய்யும் என்பது 1960களின் பதிவுகளில் ஆண்டு வாரியாக இருக்கிறது. காப்பகங்களுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் வேறெதையும் படிக்காவிட்டாலும் அந்தப் பதிவுகளையாவது படிக்க வேண்டும்.